இரைச்சலுக்கு நடந்த வழக்கு

எங்கள் குப்பத்தில் இரைச்சல் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. ஆனால் ஒருவர்கூட அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இரைச்சல் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் போடுவது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் அத்தை பேச ஆரம்பித்தால் முகத்துவாரத்தில் கட்டுமரம் தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தையைக் கேட்டால், "நான் இன்னா, பேசிக்கினுதானே இருக்கேன். அதோ அந்த வூட்ல பாரு, இன்னா இரைச்சல்" என்பார். அந்த வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கும்.

கடல் இரவும் பகலும் இரையும். அதை யாரும் குறை சொன்னதில்லை. ஒருநாள் இரையாமல் அடங்கிக் கிடந்தால்தான் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். காக்கை கத்தினால் அது சத்தம். அம்மன் கோயிலில் உடுக்கை அடித்தால் ஓசை. மருமகள் பானையை நகர்த்தினால் மட்டும் மாமியாருக்கு அது இரைச்சல். இப்படித்தான் எங்களிடம் அந்தச் சொல் புழங்கியது. பெரியவர்களைக் கவனித்தே நானும் இதைக் கற்றுக்கொண்டேன். வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது. என்னிடம் சத்தமும் கிடையாது, ஓசையும் கிடையாது. நான் பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்துதான் கேட்கவேண்டும். மணலில் எழுத்துப் பழக்கும் வாத்தியார் மற்றப் பிள்ளைகளை எல்லாம், "இரைச்சல் போடாதீங்கடா" என்று அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் போடுடா" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் சுருங்கிக்கொள்வேன். அம்மா எனக்காக அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மந்திரித்த கயிறு ஒன்றும் கட்டினார். கயிறு இற்றுப்போனதுதான் மிச்சம்.

என் மாமாதான் அதற்கு ஒரு வழி செய்தார். அவர் அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார், கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கையில் ஒரு கோலைக் கொடுத்தார். "வாய்ல வராதுன்னா இன்னாடா, இதால போடு" என்றார்.

அந்தக் கோலுக்கு வேலை உண்டு. குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. அந்த ஏரியில் மடவை மீன் கூட்டமாக நிற்கும். வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு, எதிர்ப்புறம் தோணியைக் கொண்டுபோய் அதன் பக்கப் பலகையைக் கோலால் தட்டவேண்டும். மடவை பயந்த ஜாதி. தட்டு கேட்டதும் மிரண்டு வலைப்பக்கம் ஓடும். சில மீன் ஓடுகிற வேகத்தில் துள்ளித் தோணிக்குள்ளேயே விழும். தட்டுவதிலும் கெட்டிக்காரர், கெட்டிக்காரர் அல்லாதவர் உண்டு. மாமா கெட்டிக்காரர் என்று பேர். விடியற்காலையில் யாருடைய தோணி இறங்கினாலும் தட்டுவதற்கு மாமா போய்விடுவார். கூப்பிட்டால் போவார். கூப்பிடாவிட்டாலும் போவார். என் அம்மாவுக்கு அதில் எரிச்சல்தான். "நம்ம பாடு எட்டு நாளைக்கு ஒருவாட்டி வருது. ஊரான் பாட்டுக்கெல்லாம் இவன் எதுக்குப் போயி கை நோவத் தட்றான்?" என்று நைனாவிடம் கேட்பார். நைனா வலையைப் பார்த்துக்கொண்டே, "தட்றவன் தட்டட்டும்" என்பார்.

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் நிற்கும் இடங்களை ஊரார் பிரித்து, இன்றைக்கு இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு என்று சீட்டுப் போட்டு விட்டிருந்தார்கள். முறை தப்பி வலை போட்டால் ஊரே எதிர்த்து நிற்கும். எங்கள் வீட்டுக்கு இருந்த பாடு, வெள்ளைக்கார ஒல்லாந்தருடைய கோட்டைக்கு நேர் எதிரே, ஏரி ஒடுங்குகிற இடம். அது மாமாவின் பேரில் இருந்தது. எங்கள் ஐந்து பேருடைய சோறும் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

மாமா மூன்று தட்டுத் தட்டுவார். சற்று நிறுத்துவார். பிறகு இரண்டு. மாமா போன தோணியிலெல்லாம் நானும் போய் அப்படியே பழகினேன். வாயால் வராத எல்லாம் கையால் வந்தது. பலகையில் நான் தட்டியது தண்ணீர்மேல் ஓடிப்போவதைக் கேட்கும்போது, அவ்வளவு பெரிய சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் அது பிடித்திருந்தது. அதைவிடவும் பிடித்தது எதிரொலி. நாங்கள் தட்டி நிறுத்தியதும், எதிர்க்கரையில் பூவரச மரம் நிற்கும் பக்கமிருந்து அது திரும்பி வரும். நாங்கள் தட்டுவது டக் டக் என்று போகும். வருவது தொம் தொம் என்று வரும். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"மாமா, நம்ம தட்டு வேற மாதிரி போவுது. அது வேற மாதிரி வருதே?"

"தண்ணிமேல போயி வருதில்ல, நனைஞ்சிடுச்சு."

எனக்கு அது சரியாகப் பட்டது. நனைந்த துணியை அடித்தாலும் அப்படித்தானே கேட்கிறது. ஆனால் எண்ணிக்கையும் உதைத்தது. வாத்தியாரிடம் நான் ஒழுங்காகக் கற்றது எண்ணுவது மட்டும்தான். நாங்கள் தட்டியது ஐந்து. திரும்பி வந்தது ஆறு. ஐந்து வந்தபின் சற்றுப் பொறுத்து, தனியாக ஒன்று. ஒருநாள் இல்லை, தினமும். அதையும் கேட்டேன். மாமா குனிந்து தோணிக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்தார். "வர்ற வழில ஒண்ணு சேர்ந்துக்கும்டா" என்றார். ஏரியில் போட்டது பெருகி வருவது எங்களுக்குப் புதிதில்லை. இறால் பெருகுகிறது, எதிரொலி பெருகாதா? ஒத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் தமுக்கு அடித்தார்கள். தமுக்கு அடிப்பவர் குப்பத்து நடுவில் நின்று அடித்த அடியில் கோழிகள் கூரைமேல் ஏறின. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து கடலைப் பார்க்க ஓடியது. செய்தி இதுதான். கோட்டைக்குப் புதிதாக வந்திருக்கும் துரைக்கு ஓயாத தலைநோவு. ஆகையால் பொழுது விடிவதிலிருந்து மூன்று நாழிகை வரையில் கோட்டைக்கு எதிரே ஏரியிலும் இரு கரையிலும் யாரும் இரைச்சல் போடக்கூடாது. மீறினால் தோணி பறிபோய்விடும்.

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏம்பா, இரைச்சல் போடாதேன்னு சொல்றதுக்கா இம்மாம் இரைச்சல்?" என்று கேட்டார்.

"இது இரைச்சல் இல்லம்மா, உத்தரவு" என்றார் அவர். மறுபடி அடித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார்.

ஊரில் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. தட்டாமலும் மடவையை ஓட்டலாம். நீளக் கயிற்றில் பனங்குருத்தைக் கிழித்து வரிசையாகக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு வந்தால் போதும். வெள்ளை வெள்ளையாக ஆடுகிற ஓலையைக் கண்டு மீன் மிரண்டு வலைக்குப் போகும். சத்தமே கிடையாது. எங்கள் பாடு வந்த நாளில் நைனாவும் மாமாவும் அப்படித்தான் ஓட்டினார்கள். கூடை நிறைந்தது. வழக்கத்தைவிட அரைக்கூடை அதிகம் என்றுகூடச் சொல்லலாம். அம்மாவுக்குச் சந்தோஷம். அத்தைக்குச் சந்தோஷம். மாமா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மீனு வந்துச்சேடா, மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிக்கினு கீற?" என்றார் அம்மா.

"ஓலைல புடிச்ச மீனு ருசிக்கல" என்றார் மாமா.

நான் என் மீனைத் தின்று பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் மனசு சரியில்லை. கோல் கூரையில் செருகிக் கிடந்தது. எனக்கு இருந்த ஒரே வாயை யாரோ தைத்துவிட்டாற்போல் இருந்தது. மாமாவுக்கும் அதே துக்கம்தான் என்று நினைத்தேன். அவருக்கு நல்ல வாய் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயந்திரம் வலை காயப்போடும் மேட்டில் ஊரார் கூடியபோது மாமா எழுந்து நின்றார். தட்டுவது எங்கள் தொழில், அது இரைச்சல் இல்லை, கோட்டையில் போய் இதைக் கேட்கவேண்டும் என்றார். ஊர்ப்பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "ஓலை இருக்குதில்ல, ஓட்டிக்கினு போயேன். பீரங்கி வெச்சிருக்கிறவனாண்ட போயி எது இரைச்சல்னு கேக்கறதா? நாளைக்கு அவன் கோவிச்சிக்கினு மொத்த ஏரியையும் மூடிட்டா, யாரு பதிலு சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் மாமா. "தட்றது இரைச்சல்தான்னு அவங்க சொல்லிட்டா, என் பாட்டை ஊருக்கே வுட்டுடறேன்."

பாட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மீன்தான் ஓலையிலேயே வருகிறதே, எங்கள் சோற்றை ஏன் பந்தயம் வைத்தாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாமா பாயை எடுத்துக்கொண்டு வெளியே படுக்கப் போனார். எனக்கு மட்டும் மாமா அன்றைக்குப் பெரிய வீரராகத் தெரிந்தார். என் கோலுக்காகத்தான் அவர் பாட்டை வைத்துவிட்டார் என்று எண்ணி எனக்கு நெஞ்சு விம்மியது.

ஊர்ப்பெரியவர் நல்ல கொடுவா மீனாக இரண்டு எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனார். துரையைப் பார்க்க முடியவில்லை. துபாஷியைப் பார்த்தார். துபாஷி நம்மவர்தான். ஒல்லாந்தர் பேச்சு, தமிழ், தெலுங்கு மூன்றும் அறிந்தவர். துரை தம் பேச்சில் ஏதோ சொல்ல, அதற்கு இரைச்சல் என்று தமிழில் சொல் போட்டுத் தமுக்குக்காரரிடம் கொடுத்தவரே அவர்தானாம். ஆகவே எது இரைச்சல், எது இல்லை என்று சொல்லவேண்டிய பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. மூன்றாம் நாள் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் வந்து நேரில் கேட்டுச் சொல்கிறேன், இரு கரைக்காரர்களும் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். துரை அந்த நேரத்தில் தூங்குவாராம், எழுப்ப முடியாதாம்.

அன்று காலையில் மாமா தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக் குடுமி முடிந்தார். வெளுத்த வேட்டி கட்டினார். ஏரித் தண்ணீரில் இரண்டு தடவை முகம் பார்த்துக்கொண்டார். வழக்குக்குப் போகிறவர்கள் இப்படித்தான் போகவேண்டும் போலிருக்கிறது என்று நானும் தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்துக்கொண்டேன்.

தோணி கட்டும் துறையில் துபாஷி முக்காலி போட்டு உட்கார்ந்தார். பின்னால் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்க்கரைக்காரர்கள் நாலு தோணியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பெரியவருக்குப் பெரிய மீசை. அவருக்குப் பின்னால் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டு அவர் மகள் வந்தாள். வந்தவள் எங்கள் கரை மணலையே இதற்குமுன் கண்டதில்லை என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துபாஷி முதலில் எங்கள் ஊர்ச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும் என்றார். எல்லாரும் ஒரே குரலாக அத்தையைக் காட்டினார்கள். "அம்மா, நீங்க எப்பவும் பேசற மாதிரி பேசுங்க" என்றார் துபாஷி. வாழ்நாளில் அத்தையை யாரும் பேசு என்று கேட்டதில்லை. அவர் முந்தானையைத் திருகிக்கொண்டு, "இன்னாத்தப் பேசறது?" என்றார். எனக்கே கேட்கவில்லை.

"இதுல இரைச்சல் எங்க இருக்குது?" என்றார் துபாஷி.

கூட்டம் சிரித்தது. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. சிரித்தவர்கள் யார், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது, போன வருஷம் யார் யாரிடம் கைமாத்தாக வாங்கிய பானையைத் திருப்பித் தரவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். குடை பிடித்தவன் இரண்டடி பின்னால் போனான். துபாஷி கையைத் தூக்கி, போதும், கேட்டுக்கொண்டேன் என்றார். அத்தை நிறுத்தவில்லை. அப்போது கோட்டைப் பீரங்கியில் உச்சிவெடி போட்டார்கள்.

தினமும் போடுவதுதான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதும் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. குடை மணலில் விழுந்து உருண்டது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, "சாமி, இது இன்னா?" என்று கேட்டாள்.

"இது நேரம் சொல்றது" என்றார் துபாஷி, குடையைத் தட்டிக்கொண்டே.

"அப்ப எங்க தட்டும் மீனுக்குச் சொல்றதுதாங்க" என்றார் மாமா. கூட்டம் ஆமோதித்தது. துபாஷியும் தலையை ஆட்டினார். வழக்கு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போதுதான் எதிர்க்கரைப் பெரியவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மீனுக்குச் சொல்றானாம். மீனு இருக்கிற எடத்துலயும் தட்றான், இல்லாத எடத்துலயும் தட்றான். வலைய இழுத்துக் கரை சேர்ந்தப்புறம்கூடத் தட்றான் இவன். எங்க கரைல ஒருத்தனுக்கும் தூக்கம் இல்ல. எம்பொண்ணு பாவம், இவன் தட்றதுல முழிச்சிக்கினு, தெனம் இருட்டோட எழுந்து உரலாண்ட போயி குத்த ஆரம்பிச்சிட்றா. இது இரைச்சல் இல்லேன்னா எதுங்க இரைச்சல்?"

அந்தப் பெண் மணலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

துபாஷி மாமாவைப் பார்த்தார். மாமா குடுமியை அவிழ்த்து மறுபடி முடிந்தார். துபாஷி, "சரி, தட்டிக் காட்டு. எம்மாம் சத்தம்னு கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றார். ஊர்ப்பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்று அம்மனைக் கூப்பிடுவது தெரிந்தது. தோணி கரையை ஒட்டி மிதந்துகொண்டிருந்தது. மாமா ஏறிக் கோலை எடுத்தார். எட்டுத் தோணிக்குத் தட்டின கை அது. எதிரில் அந்தப் பெரியவரும் அவர் மகளும் நிற்கிற பக்கம் பார்த்தார். கோல் நழுவி விழுந்தது.

யாரும் சொல்லாமலே நான் தண்ணீரில் இறங்கித் தோணியில் ஏறினேன். கோலை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. கோல் கையில் இருந்தால் எனக்கு எப்போதுமே அப்படித்தான். மூன்று தட்டினேன். நிறுத்தினேன். இரண்டு தட்டினேன்.

பிறகு வழக்கம்போலக் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. எதிர்க்கரையில் பூவரச மரம் சும்மா நின்றது. சரியாகத் தட்டவில்லையோ என்று இன்னும் ஓங்கி மூன்று, பிறகு இரண்டு. ஏரி வாயே திறக்கவில்லை. இத்தனை நாள் தட்டாமல் போட்டுவைத்ததில் எதிரொலி கெட்டுப்போயிருக்கவேண்டும். துபாஷி பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரொலி வராத தட்டு நல்ல தட்டு ஆகுமா? பாடு போய்விடும். நாங்கள் என்ன தின்போம்?

அப்போது எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு முன்னும் நான் அதைக் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"மாமா! எதிரொலி வரல மாமா! நாம அஞ்சு தட்டினா ஆறு வருமே, தொம்மு தொம்முனு! இன்னிக்கி ஒண்ணுகூட வரல மாமா!"

மாமா தோணிப் பலகையைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தார்.

"எந்த எதிரொலிப்பா?" என்று துபாஷி கேட்டார். குரலில் அன்பு இருந்தது.

நான் கையை நீட்டினேன். "அதோ, அந்தப் பூவரச மரத்தாண்ட இருந்து தெனம் வருங்க."

எதிர்க்கரைக்காரர்கள் மரத்தைப் பார்த்தார்கள். பிறகு அந்த மரம் யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அவரைப் பார்த்தார்கள். மீசைக்காரப் பெரியவர் தம் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லை. மணலைப் பார்த்தாயிற்று, கடலைப் பார்த்தாயிற்று. வெற்றிலைப் பைக்குள் பார்த்தாள்.

பெரியவர் எதையோ மனசுக்குள் கணக்குப் போடுவதுபோல் விரலை மடக்கினார். "ஏண்டீ" என்றார். "வூட்ல நெல்லு தீந்து மாசமாவுது. இத்தினி நாளா உரல்ல இன்னாத்தடி குத்தின?"

அவள் பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெறும் உரலுதான் நைனா."

முதலில் சிரித்தது அத்தை. அதற்குப்பின் சிரிப்பு கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. ஊர்ப்பெரியவர் கண்ணைத் திறந்துவிட்டுச் சிரித்தார். நைனா தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்க்கரைப் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் அம்மாகூட வாயை முந்தானையால் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். எல்லாரும் தோணிப் பக்கம் பார்த்துத்தான் சிரித்தார்கள். தோணியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

துபாஷி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்க்கரைப் பெரியவரைப் பார்த்தார். "பெரியவரே, இப்ப நான் எழுதிக்கினு போவணும். இந்தத் தட்டு இரைச்சல்னா, உங்க வூட்டு வெறும் உரலு இன்னா? ரெண்டையும் இரைச்சல்னு எழுதிடட்டுமா?"

பெரியவர் மீசையை ஒருமுறை இப்படி ஒதுக்கினார், ஒருமுறை அப்படி ஒதுக்கினார். தம் வீட்டுச் சத்தத்தை இரைச்சல் என்று ஒத்துக்கொண்டவர் எங்கள் ஏரிக்கரையில் ஒருவரும் இல்லை. அவரும் அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தானே.

"எங்க வூட்ல ஏதுங்க இரைச்சல்" என்றார்.

"அப்ப இந்தத் தட்டு?"

"அதுவும் இல்லீங்க" என்றார் பெரியவர், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொழைக்கத் தெரிஞ்ச பயதான்" என்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுத் தம் தோணிக்குப் போகாமல், ஊர்ப்பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மகளிடம் வெற்றிலைப் பையை வாங்கிப் பிரித்தார்.

தட்டுவது தொழில், அது இரைச்சலில் சேராது என்று துபாஷி ஓலையில் எழுதிக்கொண்டு போனதையும், எங்கள் பாடு எங்களிடமே தங்கியதையும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் அங்கே இல்லை. அத்தனை பேரும் என் குரலைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் தோணியிலிருந்து குதித்து ஓடி, காயப்போட்ட வலைக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். மாமா வந்து தேடிப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் உடம்பெல்லாம் வியர்வை. "நல்லாக் கத்தினடா ராஜா" என்றார். அவரும் கேலி செய்கிறார் என்று அழுதேன். இனிமேல் உரக்கப் பேசவே கூடாது என்று அங்கேயே, அவர் தோள்மேலேயே, முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவை ரொம்ப வருஷம் காப்பாற்றினேன். இப்போதும் பெரிதாக மீறிவிடவில்லை.

பருவக்காற்று திரும்பியதும் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. எதிர்க்கரைப் பெண் எங்கள் வீட்டுக்கு மாமியாக வந்தாள். துரைக்குத் தலைநோவு தீர்ந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுவாரம் எங்கள் பாடு வந்தபோது நான் கோலோடு போய் ஐந்து தட்டித் தட்டிப் பார்த்தேன். பூவரச மரத்துப் பக்கம் அசைவே இல்லை. மாமா என் பக்கம் பார்க்காமல் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். மாமாவும் இப்போதெல்லாம் அடுத்தவர் தோணிக்குத் தட்டப் போவதில்லை. எதிரொலி செத்துப்போனதில் அவருக்கும் மனசு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் போய், எனக்கு வந்த குரலில், "உங்க கரைல எதிரொலி நின்னுபோச்சு மாமி. முன்னெல்லாம் நல்லா வரும்" என்று துக்கம் சொன்னேன். மாமி குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த பாட்டுக்கு நாங்கள் தோணியில் போய் ஐந்து தட்டினபோது, தொம் தொம் என்று வந்தது. ஐந்து. சற்றுப் பொறுத்துத் தனியாக ஒன்று. ஆனால் பூவரச மரத்துப் பக்கமிருந்து இல்லை. எங்கள் கரையிலிருந்தே, எங்கள் வீட்டுப் பக்கமிருந்தே வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. எதிரொலி சாகவில்லை, கரை மாறி வந்துவிட்டது. கிடைத்தவர்களிடமெல்லாம் போய், குனிந்து கேட்கவைத்து, இதைச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் அப்படியா என்று ரொம்ப ஆச்சரியப்பட்டார்கள். அத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கடைசியாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினார்.

"நல்லவேளைடா கண்ணு" என்றார். "அன்னிக்கி அத்தினி பேரு முன்னால நீ இதை மெதுவாச் சொல்லாம கத்திச் சொன்னியே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கு நான் கத்தினதுதானே தப்பு? அம்மா ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று எண்ணி, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன்.